ஏழாம் நம்பர் மலைப் பேயும் காஞ்சனையும்

எங்கள் பக்கத்துப் பேய்களுக்கு விலாசம் உண்டு. ஏழாம் நம்பர் மலையில், கான் ஓரத்துக் கருப்பந்தேயிலை மரத்தில் ஒருத்தி. பழைய லயத்துத் தொங்கல் காம்பிராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் கடைசி அறையில், பிள்ளை பெறப் போய்ச் செத்த இன்னொருத்தி. பங்களா ரோட்டு முடக்கில் குதிரையோடு வருகிற வெள்ளைக்காரத் துரை. ஃபெக்டரிக்குள் ரோதமுனி இருந்தார். அவர் பேயில்லை, சாமி. ஆனாலும் இரவு வேலைக்குப் போன ஆண்கள் அவருக்குப் பயந்த அளவுக்கு எந்தப் பேய்க்கும் பயந்ததில்லை. ரோதை சுழல்கிற இடத்தில் கை போனால் கை, ஆள் போனால் ஆள். ஒரு கோழியும் கொஞ்சம் சாராயமும் கொடுத்து அந்தப் பயத்தோடு சமாதானம் செய்துகொண்டார்கள்.

அப்பாயி பேய்க்கதை சொல்லத் தொடங்கினால் முதலில் நம்பர் வரும். தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டுக்கும் தோட்டத்தில் ஒரு நம்பர். அதைத்தான் நாங்கள் மலை என்போம். எந்த மலை, எந்த வருஷம், அப்போது எந்தத் துரை, செத்தவள் யாருடைய கேங்கில் கொழுந்தெடுத்தாள், அன்றைக்கு அவளுக்கு அரைநாள் பேரா முழுநாள் பேரா என்பது வரைக்கும் செக்ரோல் எழுதுகிற கணக்கப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டுத்தான் பேயை வெளியே விடுவார். கேட்கிற எங்களுக்கு அந்த மலை தெரியும். விடிந்தால் அம்மா அங்கேதான் கூடையோடு நிற்கப் போகிறார்.

அவருடைய பேய்களில் பாதி இந்தியாவிலிருந்து வந்தவை. துறையூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய பெற்றோரைக் கங்காணி பிடித்துக்கொண்டு வந்தபோது கூடவே முனியாண்டியும் மாடசாமியும் காட்டேறியும் வந்துவிட்டார்கள். மண்டபம் முகாமில் ஆட்களைத்தான் நிறுத்திவைத்துப் பரிசோதித்தார்கள். இவர்களை யாரும் கேட்கவில்லை. மிச்சப் பாதி இங்கேயே செத்து இங்கேயே பேயானவை. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னதை நம்பி வந்தவர்கள் பலர் அந்தத் தூருக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்தார்கள் அல்லவா, அவர்கள்.

இந்த அப்பாயிக்குத்தான் நான் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை வாசித்துக் காட்டினேன். 1970களின் முற்பகுதி. இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டம். பள்ளிக்கூடத்தில் வாசிப்பு எனக்குக் கொஞ்சம் நன்றாக வந்ததால் லயத்தில் கடிதம் வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. இந்தியாவிலிருந்து வருகிற கடிதம், யூனியன் துண்டுப் பிரசுரம், கல்யாணப் பத்திரிகை, எல்லாம். கதை வாசிப்பதும் அதன் தொடர்ச்சியாக வந்து சேர்ந்தது.

புத்தகம் சித்தப்பாவுடையது. அவர் ஃபெக்டரியில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தார். எங்கிருந்து சேர்த்தாரோ, புதுமைப்பித்தன் தொகுதிகள் சில அவரிடம் இருந்தன. ஸ்டார் பிரசுரத்துப் பதிப்பு ஒன்று. மற்றவற்றுக்கு முன்பக்கமே கிடையாது. கழன்றுபோன அவற்றையெல்லாம் ஒன்றாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, சீமெந்துப் பைத் தாளில் அட்டை போட்டிருந்தார். முழுத் தொகுப்பு என்ற பெயரில் சென்னையிலோ நாகர்கோவிலிலோ யாரும் போடுவதற்கு முன்னமே எங்கள் லயத்தில் ஒன்று வெளியாகிவிட்டது என்று பிற்காலத்தில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. கதைகளின் வரிசை பற்றிச் சித்தப்பாவுக்குக் கவலை இல்லை. தாளின் அகலம் ஒத்துவந்ததுதான் வரிசை. அதனால் ‘துன்பக் கேணி’க்குப் பக்கத்தில் ‘வேதாளம் சொன்ன கதை’ இருந்தது. ‘காஞ்சனை’யின் வாலில் ‘கபாடபுரம்’ ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் புத்தகத்தை இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. தமிழகத்துச் சஞ்சிகைகளை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு வந்திருந்தது. ஹட்டன் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்த வாரப் பத்திரிகைகள் காணாமல் போயின. ஈழத்து எழுத்துக்கு அதனால் நன்மை என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேசினார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் லயத்தில் இருந்த வாசகனுக்கு அது கையிலிருக்கும் பழைய தாளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் காலம்.

சொ. விருத்தாசலம் என்கிற புதுமைப்பித்தன் 1906இல் பிறந்து 1948இல் காசநோயால் இறந்தவர். 42 வயது. கதை எழுதிய காலம் ஏறத்தாழப் பதினைந்து வருஷம், எழுதிய கதைகள் நூற்றை ஒட்டி. தமிழில் பேய், பிசாசு, வேதாளம், காலன், செத்த நகரம் என்று இருட்டுப் பக்கத்துக் கற்பனையை இவ்வளவு துணிவாக இலக்கியத்துக்குள் இழுத்துவந்தவர் அவருக்கு முன்னால் இல்லை. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘செவ்வாய் தோஷம்’, ‘ஞானக் குகை’ என்று பெயர்களைப் பார்த்தாலே ஆள் எந்த வழியாகப் போயிருக்கிறார் என்று தெரியும். அவர் இறந்த வருஷம்தான் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1948 என்று எங்கே பார்த்தாலும் எனக்கு இரண்டும் சேர்ந்து ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

‘காஞ்சனை’ 1943இல் கலைமகளில் வந்த கதை. எழுத்தாளர் ஒருவர், அவருடைய மனைவி, வீட்டு வேலைக்கு வந்து சேரும் ஒரு பிச்சைக்காரி. இரவில் தூக்கம் கலைகிறது. எங்கிருந்தோ ஒரு வாசனை வருகிறது; பிணவாடை போலவும் இருக்கிறது, ஊதுவத்தி போலவும் இருக்கிறது. வேலைக்காரி பேயா, மனிதப் பிறவியா, கதை சொல்கிறவரின் தூக்கமில்லாத மூளை செய்கிற வேலையா? கடைசிவரை முடிச்சு அவிழாது.

குப்பி லாம்பின் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். ஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாலைந்து பெண்கள். வாசனை வருகிற இடத்துக்கு வந்தபோது உண்மையிலேயே வாசனை வந்தது. இரவில் ஃபெக்டரியில் தேயிலை காய்ச்சுகிற நேரம். பனிமூட்டம் கீழே இறங்கினால் அந்த வாசனை லயத்துக்குள் வந்து குந்திக்கொள்ளும். தினம் வருகிற வாசனைதான். அன்றைக்கு ஒருத்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எனக்கும் பயம் வந்துவிடும் என்று பயம்.

முடித்ததும் அப்பாயி கேட்டது இதுதான்:

“இது எந்த ஊருப் பேய்?”

“ஊர் போடலியே அப்பாயி.”

“யாரு வீட்டுப் பொண்ணு? எப்புடிச் செத்துச்சு?”

“அதெல்லாம் சரியாத் தெரியாதாம். அவ பேயான்னே தெரியாது.”

அப்பாயி வெற்றிலையை மென்று துப்பிவிட்டு, “பேயான்னே தெரியாத பேயி வீட்டுக்குள்ள சோறாக்கிக்கிட்டு இருக்குன்னா, அதுதாம்மா பெரிய பேயி” என்றார்.

பின்னால் பல்கலைக்கழகத்து ஆட்கள் ‘காஞ்சனை’யைப் பற்றி எழுதிய கட்டுரைகள் சிலவற்றை வாசித்திருக்கிறேன். அப்பாயி சொன்னதைத் தாண்டி அவர்கள் வெகுதூரம் போய்விட்டதாகத் தோன்றவில்லை. விலாசம் உள்ள பேயிடமிருந்து தப்பிக்க வழி உண்டு. ஏழாம் நம்பர் மலைக்கு இருட்டிய பிறகு போகாதே. முடக்கில் திரும்பும்போது பின்னால் பார்க்காதே. விலாசம் இல்லாத பேய்க்கு என்ன செய்வது? அடுத்த நாளும் வாசிக்கச் சொன்னார். தன்னுடைய நூற்றுக்கணக்கான பேய்களில் இல்லாத ஒன்று அந்தச் சீமெந்துத் தாளுக்குள் இருப்பதை அவர் பிடித்துவிட்டார்.

‘கபாடபுரம்’ எங்கள் லயத்தில் வேறு மாதிரி எடுபட்டது. கடல் கொண்டுபோன பழைய பாண்டிய நகரத்துக்குள் போகிற பயங்கரக் கற்பனை அது. அதன் தமிழ் கடினம். பாதி எனக்கே புரியாமல்தான் வாசித்தேன். ஆனால் தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர் என்றதும் எல்லாருக்கும் ஒரே ஊர்தான் ஞாபகத்துக்கு வந்தது. மவுஸ்ஸாக்கலை அணை கட்டி முடித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. பழைய மஸ்கெலியா டவுன் அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. கடைவீதி, கோயில், பள்ளிவாசல், விகாரை, ஒன்றும் மிச்சமில்லை. டவுனை மேலே மேட்டுக்கு மாற்றினார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் காசல்ரீ அணை. என் அம்மாவின் கல்யாணப் புடவை எடுத்த கடை இப்போது மீனுக்கு வீடு.

‘கபாடபுரம்’ வாசித்த மறுநாள் பீலிக்கரையில் ஒரு பெண், ராத்திரியில் தண்ணிக்குள்ளிருந்து கோயில் மணி கேட்கிறதாமே என்றாள். அதற்கு முன்னால் அப்படி யாரும் சொன்னதில்லை. அந்த வாரத்திலேயே இன்னொருத்தியும் கேட்டதாகச் சொன்னாள். இரண்டு மூன்று மாதத்தில், அணை கட்டிய நாளிலிருந்தே அந்த மணி கேட்டுக்கொண்டிருந்ததாக ஆகிவிட்டது. ஒரு பேய்க்கதை பிறப்பதை அருகில் இருந்து பார்த்தவள் என்ற வகையில் சொல்கிறேன்: அதற்கு அப்பன் திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன். வறட்சி வருஷங்களில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் வெளியே தலைகாட்டும். ஹட்டனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்து நின்று படம் எடுக்கிறார்கள். இப்போது மணிச் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

சிரிப்பு மூட்டியது ‘காலனும் கிழவியும்’. உயிரைக் கொண்டுபோக வந்த காலனைப் பேச்சிலேயே மடக்கி வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிற கிழவியின் கதை. அப்பாயி அதை மனப்பாடமே செய்துவிட்டார். மனப்பாடம் என்றால் எழுத்துக்கு எழுத்து அல்ல. அவருடைய வாயில் காலன் கங்காணியானார். எருமைக்குப் பதில் கையில் குடையும் தலையில் தொப்பியும் வந்தன. கிழவி எட்டாம் நம்பர் மலையில் மட்டத்துக் கம்போடு நின்றாள். உசிரு எழுதி வாங்கணும்னா முதல்ல எனக்குப் பாக்கி இருக்கிற கைக்காசைக் குடு என்று காலனிடம் வழக்காடினாள். விலாசமும் கிடைத்துவிட்டது. மாசியில் காமன் கூத்து நடக்கிற சமயம், கோமாளி வேஷம் கட்டினவர் இந்தத் துண்டை எடுத்துச் சேர்த்துக்கொண்டதும் உண்டு. புதுமைப்பித்தன் பார்த்திருந்தால் கோபப்பட்டிருப்பாரா? பட்டிருக்க மாட்டார். தழுவல் எது, திருட்டு எது என்று மற்ற எழுத்தாளர்களோடு கடுமையாகச் சண்டை போட்டவர்தான். ஆனால் கிழவிகளோடு சண்டை போட்டதாகத் தகவல் இல்லை.

‘துன்பக் கேணி’க்கு வருகிறேன். எங்களைப் பற்றிய கதை என்று சித்தப்பா முதலிலேயே சொல்லி வைத்திருந்ததால் அதைக் கேட்கக் கூட்டம் அதிகம். வாசவன்பட்டிச் சேரியைச் சேர்ந்த மருதி, கணவன் சிறைக்குப் போன பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்து, துரைமாரின் ஆசைக்கும் நோய்க்கும் இரையாகிச் சீரழிகிற நெடுங்கதை. 1935இல் மணிக்கொடியில் வந்தது. மருதியின் மகள் வெள்ளைச்சி காலத்திலும் தொடர்கிறது. கதையில் தோட்டத்தின் பெயர் வாட்டர் பாலம். அது எந்தத் தோட்டம் என்று ஆண்கள் ஒரு ராத்திரி முழுக்கத் தர்க்கம் செய்தார்கள். தலவாக்கலைப் பக்கம் சென்கிளேயர் அருவியை ஒட்டியது என்றார் ஒருவர். இல்லை, டெவன் அருவிக்குக் கீழே என்றார் இன்னொருவர். கற்பனைப் பெயராக இருக்கலாம் என்று சித்தப்பா சொன்னதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நம்பர் வரைக்கும் கண்டுபிடித்துவிடுகிற வேகத்தில் இருந்தார்கள்.

பெண்கள் பேசாமல் இருந்தார்கள். வாசித்து முடிக்கச் சில இரவுகள் ஆயின. கடைசியில் அம்மா சொன்னார்: “நடந்ததுதான் இது. ஆனா இவுங்க அழுதுகிட்டே இருக்காங்களே. நாமளுந்தான் அழுவுறோம். அதுக்காக நாளு பூராவுமா?”

அந்தக் கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். புதுமைப்பித்தனைக் குறை சொல்வது எனக்கு நோக்கமல்ல. 1935இல், தமிழ்நாட்டு எழுத்தாளன் இலங்கைத் தோட்டத்தை எட்டிப் பார்க்காத காலத்தில், ஒரு சேரிப் பெண்ணை நடுவில் நிறுத்தி அவ்வளவு நீளமான கதை எழுதியது சாதாரணக் காரியம் இல்லை. அதைச் செய்த மனிதரை மலையகத்துக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கதை என்று பார்த்தால், அவருடைய தொகுப்பிலே எங்களை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது ‘துன்பக் கேணி’ இல்லை. அந்தக் கதையில் தோட்டம் இருக்கிறது, லயத்தின் வாய் இல்லை. நக்கல் இல்லை, கங்காணிக்கு வைத்த பட்டப்பெயர் இல்லை, பயத்தையும் சிரிப்பையும் ஒரே மூச்சில் விடுகிற அந்தப் பேச்சு இல்லை. அது இருப்பது ‘காலனும் கிழவியும்’ கதையில்; பல்லுப்போன வேதாளத்தில்; இருப்பதா இல்லாததா என்று சொல்லாமல் விட்ட காஞ்சனையில். எங்களைப் பார்த்து எழுதியபோது எங்களைத் தவறவிட்டார். பேயைப் பார்த்து எழுதியபோது நாங்கள் வந்து மாட்டிக்கொண்டோம்.

1974 வந்தது. மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற வருஷம். தோட்டங்களில் சாவு கூடிய வருஷம். வாசிப்பு குறைந்தது. எண்ணெய் வாங்கக் காசில்லை, லாம்பு சீக்கிரம் அணைந்தது. டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவிலிருந்து வந்த மார்ட்டின் ஏர் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மலையேறிப் போன ஆண்கள் திரும்பி வந்து பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழு கன்னிமாரைப் பற்றி அப்பாயியிடம் ஏற்கெனவே கதைகள் இருந்தன. பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து, கன்னிமார் கோபப்பட்டுத்தானே அப்பாயி என்று தொடங்கினோம். அவர் எங்களை அதட்டினார். “வாய மூடுங்க. அவுங்களுக்கு அழ அவுங்க ஊர்ல ஆள் இருக்கு.” அந்த மலையை வைத்து அதன் பிறகு அவர் ஒரு கதையும் சொல்லவில்லை. எந்தச் சாவைக் கதையாக்கலாம், எதை ஆக்கக்கூடாது என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அது என்ன கணக்கென்று நான் கேட்டு வைக்கவில்லை.

பிறகு கோச்சி. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் நாடற்ற ஆட்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கு நடந்தது. நாங்கள் இந்தப் பக்கம், சித்தப்பா குடும்பம் அந்தப் பக்கம். ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னாருக்குப் போகும் ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று ஏன் சொன்னார்கள் என்பதைக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டாம். கேட்காதவர்களுக்கு விளக்க முடியாது. தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. அங்கேயும் தேயிலைதான், அரசாங்கத் தேயிலை.

தைத்த புத்தகத்தைச் சித்தப்பா கொண்டுபோனார். எனக்கு விட்டுப்போகச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. அங்கே மழையில் நனைந்து போயிற்று என்று பிற்பாடு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. கூடலூர்ப் பக்கத்தில் அவர்கள் இருந்த குடியிருப்பில் பேயே இல்லையாம். புதிதாக வெட்டின காடு, செத்தவர்கள் யார் என்று தெரியாது, நம்பருக்கு அர்த்தமில்லை. பிள்ளைகள் ராத்திரியில் பயமில்லாமல் வெளியே போகிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார்.

2000இல் காலச்சுவடு பதிப்பகம் ஆ. இரா. வேங்கடாசலபதியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘புதுமைப்பித்தன் கதைகள்’ முழுத் தொகுப்பைக் கொண்டுவந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு சிநேகிதி வாங்கிக்கொடுத்தார். கதைகள் வெளியான கால வரிசையில் இருக்கின்றன. முதலில் வந்த இடம், பாடவேறுபாடு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த பதிப்பு. இத்தனை காலம் தாள் அகலத்தின் வரிசையில் வாசித்தவளுக்கு இது வேறு புத்தகம். ‘துன்பக் கேணி’ முன்னால் வந்துவிடுகிறது, ‘காஞ்சனை’ எட்டு வருஷம் தள்ளி வருகிறது. நடுவிலே பத்திரிகை வேலை, வேலை போனது, வறுமை. தோட்டத்தை எழுதிய கையிலே அப்போது ஆத்திரம் இருந்தது. பேய்க்கதை எழுதிய கை ஆத்திரம் ஆறி, ஆளைக் கேலி செய்துகொண்டே பயமுறுத்தக் கற்றிருந்தது. இதை உதிரித் தொகுதிகள் காட்டாது. ஒருவர் எழுதிய இருட்டுக் கதைகளைத் தேர்ந்தெடுத்துத் தனிப் புத்தகமாகப் போடுகிற வழக்கம் இப்போது உலகமெங்கும் இருக்கிறது. விற்பனைக்கு அது நல்லது. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. பக்கத்தில் அவருடைய ‘செல்லம்மாள்’ கதையும் இருந்தால்தான் ‘காஞ்சனை’ எவ்வளவு வீட்டுக்குள்ளே நடக்கிற கதை என்பது விளங்கும்.

எங்கள் எழுத்தாளர்கள் பேயை அதிகம் தொடவில்லை. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’, துரைவி பதிப்பகம் 1997இல் கொண்டுவந்த ‘மலையகச் சிறுகதைகள்’ என்று நான் திரும்பத் திரும்ப வாசிக்கிற தொகுப்புகளில் லயம் இருக்கிறது, பசி இருக்கிறது, பிரஜாவுரிமை இருக்கிறது, அருமையான சிரிப்பும் இருக்கிறது. ஏழாம் நம்பர் மலைக்காரி இல்லை. காரணம் விளங்காமல் இல்லை. வாக்கும் இல்லை, காணியும் இல்லை என்று வழக்காடிக்கொண்டிருந்த ஜனங்கள் பேயைப் பற்றிப் பேசினால் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று இன்னொரு முத்திரை விழும். சங்கக் கூட்டத்திலே பகுத்தறிவு பேசிவிட்டு வந்து கதையில் காட்டேறியை எழுத எந்த வாலிபனுக்கு மனம் வரும்? அது நியாயமான தயக்கம்தான். நட்டம் மட்டும் நட்டமாகவே இருக்கிறது.

அப்பாயி 1980களில் போய்ச் சேர்ந்தார். காலனோடு அவர் வழக்காடியதாகத் தெரியவில்லை, தூக்கத்தில் நடந்தது. பழைய லயத்தைப் பாதி இடித்து ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டியாகிவிட்டது. தொங்கல் காம்பிரா போனதும் அங்கிருந்தவள் எங்கே போனாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஏழாம் நம்பர் மலையில் தேயிலையைக் கவனிக்காமல் விட்டுப் புல்லும் பற்றையும் ஏறிவிட்டன. கருப்பந்தேயிலை மரத்தை வெட்டி லொறியில் ஏற்றினார்கள். மேல் கொத்மலைத் திட்டம் வந்த பிறகு சென்கிளேயர் அருவியும் முன்போல் விழுவதில்லை. வாட்டர் பாலம் அதுதான் என்று அடித்துச் சொன்னவர் இப்போது இருந்திருந்தால் தர்க்கத்தில் தோற்றிருப்பார். ஃபெக்டரி மூடிக் கிடக்கிறது. ரோதமுனிக்குச் சிலர் இன்னும் வருஷத்துக்கு ஒருமுறை கற்பூரம் கொளுத்துகிறார்கள். என் பேரப்பிள்ளைகள் போனில் பேய்ப்படம் பார்க்கிறார்கள். கொரியாப் பேய், தாய்லாந்துப் பேய். பயந்து அலறுகிறார்கள், பிறகு அடுத்ததைப் போடுகிறார்கள். அதில் எனக்குப் புகார் ஒன்றுமில்லை. ‘காஞ்சனை’யை வாசித்துக் காட்டினேன், பெரியவள் மட்டும் கடைசிவரை இருந்து, “அவ பேயா இல்லியா பாட்டி?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அன்று அவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

ஹட்டனிலோ, கோத்தகிரியிலோ, கூடலூரிலோ இதை வாசிக்கிறவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கொழுந்தெடுத்த காலத்து ஆள் யாராவது இன்னும் இருந்தால், அவர் சொல்கிற பேய்க்கதையை அவர் சொல்கிறபடியே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திருத்த வேண்டாம், நம்ப வேண்டாம், நம்பாமலும் இருக்க வேண்டாம். தோட்டத்தின் பெயரையும் மலையின் நம்பரையும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள்.